அஞ்சறைப்பெட்டி போல ஒரு முதலுதவிப் பை

ஜெலுத்தோங்கில் மோட்டார் இல்லாத வீடு குறைவு. காலையில் கப்சாயைக் கிளப்பினால் கிழக்கே துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை. வடக்கே போனால் ஜார்ஜ்டவுன். தெற்கே போனால் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. வழியில் கடலின் மேல் பிரிந்து போகும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் மோட்டார்களுக்கு அதில் கட்டணம் கிடையாது. வேலை நேரம் மாறும்போது கார்களுக்கும் லோரிகளுக்கும் நடுவே ஓடும் மோட்டார்களை எண்ணி முடியாது. மழை பிடித்துக்கொண்டால் மேம்பாலத்தடியில் ஒதுங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே போதும், எத்தனை பேர் இரண்டு சக்கரத்தை நம்பிப் பிழைக்கிறோம் என்பது தெரியும்.

மலேசியச் சாலைகளில் வழக்கமான ஓர் ஆண்டில் 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டாரில் சென்றவர்கள். விழுந்தவரிடம் முதலில் வந்து சேர்வது மருத்துவரோ ஆம்புலன்சோ அன்று. பெரும்பாலும் பின்னால் வந்த இன்னொரு மோட்டாரோட்டிதான். ஆம்புலன்ஸ் வரும்வரை உள்ள அந்தச் சில நிமிடங்களில் அவர் கையில் என்ன இருக்கிறது, அதை எந்த வரிசையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பல காயங்களின் முடிவு அமைகிறது.

அந்தச் சில நிமிடங்களுக்கான சின்னப் பையை எப்படி அமைப்பது, அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அதைப் புரிந்துகொள்ள நம் சமையலறையில் ஏற்கெனவே ஒரு நல்ல பொருள் இருக்கிறது: அஞ்சறைப்பெட்டி.

பெட்டியின் சூத்திரம்

தாளிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். எண்ணெய் காய்ந்துவிட்டது. இனி அலமாரியில் டப்பா தேட நேரமில்லை. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தவுடன் கை தானாகக் கடுகுக்குப் போகிறது. அது வெடித்ததும் உளுந்து, அது சிவந்ததும் சீரகம். எதற்குப் பின் எது என்பது கைக்குத் தெரியும். கடுகு வெடிக்கும் முன் மற்றதைப் போட்டால் கடுகு வேகாது. உளுந்தைப் போட்டு அசந்துவிட்டால் கருகும்.

இந்தப் பெட்டி மூன்று விதிகளால் இயங்குகிறது. ஒன்று, பொருள்கள் பயன்படும் வரிசையில் கைக்கு எட்டுகின்றன. இரண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் கிண்ணம் காலியானதும் பெரிய டப்பாவிலிருந்து உடனே நிரப்பப்படுகிறது. மூன்று, சேராத பொருளுக்கு உள்ளே இடமில்லை. உப்பு அன்றாடம் வேண்டும். ஆனாலும் அது ஈரம் இழுக்கும் என்பதால் தனி ஜாடியில்தான் இருக்கும்.

மோட்டாரோட்டியின் முதலுதவிப் பையும் இதே மூன்று விதிகளால்தான் வேலை செய்கிறது. கடையில் வாங்கும் பெட்டிகள் பலவற்றின் மேல், உள்ளே எத்தனை பொருள் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிளாஸ்டர்கள். கத்தி பட்ட விரலுக்கு அவை போதும். தார்ச்சாலையில் பத்து அடி இழுபட்ட முழங்காலுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது.

அந்த ஒட்டும் பிளாஸ்டர் பிறந்ததே சமையலறைக் காயத்துக்காகத்தான். 1920-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்து வந்த எர்ல் டிக்சன், சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் மனைவி ஜோசபினுக்காக, ஒட்டுநாடாவின் மேல் சிறு காஸ் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்தார். ஜோசபின் தனியாக இருக்கும்போதும் ஒரு துண்டை வெட்டிக் கட்டிக்கொள்ள முடிந்தது. அதே நிறுவனம் 1888-இல் விற்கத் தொடங்கிய முதலுதவிப் பெட்டியோ, மருத்துவமனைக்கு வெகு தொலைவில் இரும்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேலை செய்த ரயில்வே தொழிலாளர்களுக்கானது. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் நடக்கும் காயத்தைப் பார்த்து உருவானது. நாமும் நம் சாலையில் நடக்கும் காயத்தைப் பார்த்துத்தான் பையை நிரப்ப வேண்டும்.

ஜெர்மனியில் மோட்டார்சைக்கிள் முதலுதவிப் பைக்கென்றே தனித் தரம் இருக்கிறது. அதன் எண் டிஐஎன் 13167. ஆஸ்திரியாவில் மோட்டார்சைக்கிளிலும் முதலுதவிப் பொருள் வைத்திருப்பது சட்டம். நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து அறை போதும்.

மூடியைத் திறக்கும் முன்

அடுப்பைப் பார்க்காமல் யாரும் தாளிப்பதில்லை. முதலில் சாலையைப் பாருங்கள். உங்கள் மோட்டாரை ஓரமாக நிறுத்தி விளக்கை எரிய விடுங்கள். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரைப் பாதுகாப்பான தூரத்தில் நிற்க வையுங்கள். உதவப் போனவரும் அடிபட்டால் காயம் இரண்டாகும். உதவும் கை ஒன்றுகூட மிஞ்சாது.

அடுத்து 999. கைப்பேசியிலிருந்து 112 அடித்தாலும் அதே சேவைக்குத்தான் போகும். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். “ஜெலுத்தோங் பக்கம்” என்றால் போதாது. விரைவுச்சாலையில் எந்தத் திசை, ஜார்ஜ்டவுன் நோக்கியா பாயான் லெப்பாஸ் நோக்கியா, அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையில் என்ன எண் என்று சொல்ல வேண்டும். பாலத்தில் என்றால் தீவு நோக்கியா பிறை நோக்கியா என்பது மிக முக்கியம். எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் திரும்பி வர நீண்ட தூரம் போக வேண்டும்.

இனி பையைத் திறக்கலாம்.

முதல் அறை: உங்கள் கைக்கு

மேலாகக் கிடக்க வேண்டியது கையுறை. இரண்டு ஜோடி வையுங்கள். ஒன்று கிழியும், அல்லது பக்கத்தில் உதவ வந்தவருக்கு ஒன்று வேண்டியிருக்கும். உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பும் நாடு மலேசியா. நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் சீவிய நாட்டில் கையுறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பைக்கு நைட்ரைல் கையுறையே நல்லது. இயற்கை ரப்பர் சிலர் உடலுக்கு ஒவ்வாது. வெப்பத்தில் சீக்கிரம் இற்றும் போகும்.

கையுறையோடு விரல் நீள டார்ச் ஒன்று, அழியாத மை கொண்ட பேனா ஒன்று, மூச்சுக் கொடுப்பதற்கான மடித்த முகத்தடுப்புத் தாள் ஒன்று. பேனா எதற்கு என்பது அடுத்த அறையில் தெரியும்.

இரண்டாம் அறை: இரத்தம்

வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெளியேறினால் உயிர் ஊசலாடும். பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் அதற்குச் சில நிமிடங்களே போதும். கடுகு எப்படி முதலோ, அப்படி இரத்தம் முதல். முகத்தில் சிராய்ப்பு பார்க்கக் கோரமாக இருக்கும்; ஆனால் தொடையிலிருந்து துடித்துத் துடித்துப் பாயும் இரத்தம்தான் காத்திருக்காது.

இந்த அறையில் இருக்க வேண்டியவை: கிருமி நீக்கிய பெரிய காஸ் துண்டுகள், 10 சென்டிமீட்டர் அகல கிரேப் கட்டுத்துணி இரண்டு, பஞ்சுத் திண்டோடு சேர்த்துத் தைத்த அழுத்தக் கட்டு ஒன்று.

இவை எப்படி வேலை செய்கின்றன? இரத்தத்துக்குத் தானே உறையும் ஆற்றல் உண்டு. ஆனால் வேகமாக ஓடும் இரத்தம், உருவாகும் உறைவையும் அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் அழுத்தும்போது ஓட்டம் தணிகிறது. காஸின் இழைகளில் இரத்தம் பிடித்து உறையத் தொடங்குகிறது. அதனால்தான் “நின்றுவிட்டதா” என்று நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால் உருவான உறைவும் கூடவே பெயர்ந்துவரும். உள்ளங்கையால் பலமாக, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் அழுத்துங்கள். நனைந்தால் மேலேயே இன்னொரு காஸ் வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். பிறகு கிரேப் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். காயத்துக்குள் கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே அந்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் இரு பக்கமும் துணி வைத்து அசையாமல் கட்டினால் போதும்.

கை காலில் அழுத்தியும் நிற்காத இரத்தத்துக்கு டூர்னிக்கே என்ற இறுக்குப்பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, அதிலுள்ள குச்சியை இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அடிபட்டவருக்கு மிகவும் வலிக்கும். வலிப்பதால் தளர்த்திவிடக் கூடாது. கட்டிய நேரத்தைப் பேனாவால் பட்டையிலோ நெற்றியிலோ எழுதுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் விவரம் அதுதான். மலிவான போலிப் பட்டைகளில் முறுக்கும்போதே குச்சி முறிந்துவிடுகிறது. இந்த ஒரு பொருளில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மெல்லிய கயிறோ காலணி நாடாவோ இதற்கு மாற்றாகாது. அவை தசையை அறுக்குமே தவிர ஆழத்தில் உள்ள குழாயை அமுக்காது.

மூன்றாம் அறை: தோல்

ஜெலுத்தோங் சாலைகளில் மிக அதிகமாக நடப்பது உயிர்போகும் காயமன்று. மழைக்குப் பின் வெள்ளைக்கோட்டில் டயர் வழுக்கி, முழங்கையும் முழங்காலும் தாரில் தேய்ந்துபோவதுதான். இரத்தம் அதிகம் வராது; ஆனால் மணல், கிரீஸ், தார்த்தூள் எல்லாம் தோலுக்குள் ஏறிவிடும். இதைப் பொருட்படுத்தாமல் விட்டால்தான் சீழ் பிடித்து, இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் படுக்க நேரிடும்.

இங்கே மருந்தைவிடத் தண்ணீருக்கு வேலை அதிகம். 0.9 விழுக்காடு உப்புக் கலந்த கிருமி நீக்கிய நீர், சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் மருந்துக்கடையில் கிடைக்கிறது. நம் உடல்நீரின் உப்பளவை ஒட்டியிருப்பதால் புண்ணை எரிக்காது. நான்கைந்து குப்பி வையுங்கள். அது தீர்ந்தால் சுத்தமான குடிநீர் தாராளமாகப் போதும். புண்ணின் மேலிருந்து கீழாக, அழுக்கு வெளியேறும் வகையில் ஊற்ற வேண்டும்.

பஞ்சு வைக்காதீர்கள், அதன் நார் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து, ஆறத் தொடங்கும் தசையையும் புண்படுத்தும். கழுவியபின் ஒட்டாத வகைக் கட்டு ஒன்றைப் போர்த்தி, நாடாவால் நான்கு ஓரமும் ஒட்டுங்கள். இந்த அறையில் 10 சென்டிமீட்டர் சதுர ஒட்டாத கட்டு நான்கு, காகித நாடா ஒரு சுருள், சில பிளாஸ்டர்கள் இருந்தால் போதும்.

அன்றே கிளினிக்குக்குப் போய்ப் புண்ணைக் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார். அந்த ஆண்டை அடையாள அட்டைக்குப் பின்னால் வைக்கும் ஒரு துண்டுத்தாளில் குறித்து வையுங்கள்.

நான்காம் அறை: சூடு

கப்சாயின் எக்சோஸ் குழாய் வலப்பக்கம் இருக்கும். பின்னால் உட்காரும் பிள்ளைகளின் வலது கெண்டைக்காலில் வட்டமாகத் தழும்பு இருப்பதை நம் தாமான்களில் எத்தனை வீடுகளில் பார்த்திருப்போம். வண்டி சாய்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டால் அதே சூடு ஆழமாகப் பாயும்.

சூட்டுக் காயத்தைப் புரிந்துகொள்ளச் சமையலறையே சாட்சி. அடுப்பை அணைத்தபின்னும் இரும்புச் சட்டியில் உள்ளது வெந்துகொண்டேதான் இருக்கும். தோலிலும் அதுவே நடக்கிறது. குழாயிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், உள்ளே இறங்கிய வெப்பம் தசையைத் தொடர்ந்து தாக்கும். அதை வெளியே இழுப்பதற்குத்தான் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டச் சொல்கிறார்கள். உடனே செய்வது சிறப்பு. தாமதமானாலும் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது. அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும்.

இருபது நிமிட நீரைப் பையில் சுமக்க முடியாது. ஆனால் ஜெலுத்தோங்கில் குழாய் இல்லாத இடம் ஏது? பெட்ரோல் நிலையம், கோப்பிக் கடை, கோயில், பள்ளிவாசல், பாசார் எல்லாம் அருகில்தான். பிள்ளை காலில் கொலுசோ விரலில் மோதிரமோ இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். நீரில் காட்டி முடிந்ததும், சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் சுற்றுத்தாளைப் புண்ணின் மேல் பரப்பி வையுங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது. காற்றுப் படாததால் எரிச்சல் தணியும், தாள் ஒட்டாது, மருத்துவர் திறக்காமலே பார்க்கலாம். ஒரு சிறு சுருளை இந்த அறையில் வையுங்கள். நீரே கிடைக்காத பால நடுவுக்கென்று, ஜெல் தடவிய தீக்காயக் கட்டு ஒன்றும் இருக்கட்டும்.

பற்பசை, கோப்பித்தூள், மஞ்சள், வெண்ணெய், மினியாக் காமாட் எதையும் புதுச் சூட்டுக் காயத்தில் தடவாதீர்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் வெப்பம் உள்ளேயே அடைபடும். கிளினிக்கில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை மறுபடி துடிக்கும்.

ஐந்தாம் அறை: எலும்பும் உடல்சூடும்

மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் முக்கோணத் துணி இரண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் படை மருத்துவர் ஃபிரெடரிக் எஸ்மார்க் இதைப் பரவலாக்கினார். எப்படியெல்லாம் கட்டலாம் என்ற படங்களைத் துணியிலேயே அச்சிட்டுக் கொடுத்தார். படிக்காத சிப்பாயும் பார்த்துக் கட்டலாம். விழும்போது கையை ஊன்றுவதால் காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவது மோட்டாரோட்டிகளிடம் அடிக்கடி நடப்பது. முறிந்த கையைத் தூளியில் நெஞ்சோடு சேர்த்து அசையாமல் நிறுத்தினால் வலி குறையும். எலும்பை நேராக்க முயலாதீர்கள். இருந்த நிலையிலேயே தாங்குங்கள்.

முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று வேண்டும். ஜீன்சைக் கழற்ற இழுத்தால் முறிந்த கால் படும் பாடு கொஞ்சமன்று. தைத்த ஓரமாக வெட்டித் திறந்துவிடலாம்.

கடைசியாக, பளபளக்கும் மெல்லிய வெப்பத்தாள். பினாங்கு வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்கத் தோன்றும். மழையில் நனைந்து, இரத்தம் இழந்து, ஈரத்தாரில் கிடக்கும் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உடல்சூடு 35 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் இரத்தம் உறையும் ஆற்றலே தளர்கிறது. இரண்டாம் அறையில் நீங்கள் அழுத்தி நிறுத்திய இரத்தம் நின்றபடி இருக்கவே இந்தத் தாள். அறைகள் ஒன்றையொன்று தாங்குவது இப்படித்தான்.

பைக்குள் அடங்காதது: மூச்சும் முதுகெலும்பும்

ஆளை எந்தப் பக்கமிருந்து தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்பதைக் கடையில் வாங்க முடியாது.

விழுந்தவரைக் கண்டதும் நாலு பேர் ஓடிவந்து கை காலைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். தீயோ வரும் வண்டியோ மிரட்டினால் ஒழிய அப்படிச் செய்யாதீர்கள். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங், 2005-இல் நேர்ந்த ஒரு சாலை விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில்தான் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனார். 2014 ஏப்ரல் 17 அன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இறந்தார். முதுகுத்தண்டில் ஏற்படும் ஒரு கணத்துச் சேதம் ஒரு மனிதரின் மீதி வாழ்நாள் முழுவதையும் எப்படி மாற்றும் என்பது இந்தத் தொகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதன்று.

எனவே பக்கத்தில் மண்டியிட்டு, இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேசுங்கள். “அண்ணே, அசையாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லுங்கள். மலாய்க்காரரோ சீனரோ என்றால் “ஜாங்ஙான் கெராக்” என்று சொன்னால் புரியும். அவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். முகமூடிக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு இல்லை, ஹெல்மெட் தடுக்கிறது என்றால் கழற்றியே ஆக வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சு விட்டுக்கொண்டு நினைவில்லாமல் கிடப்பவர் வாந்தி எடுத்தால், தலையும் முதுகும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். மூச்சு அடைபடுவது முதுகெலும்பைவிட அவசரமானது.

தண்ணீர் கொடுக்காதீர்கள். “கொஞ்சம் குடிங்க, தெளியும்” என்ற நம் பழக்கம் இங்கே ஆபத்து. நினைவு மங்கியவருக்கு நீர் நுரையீரலுக்குள் இறங்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் எதுவும் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. கோடாலித் தைலம் தடவி எழுப்பும் வேலையும் வேண்டாம்.

உப்பு ஜாடி: பைக்கு வெளியே நிற்க வேண்டியவை

வலி மாத்திரை, களிம்பு, ஆஸ்துமா மருந்து போன்றவை இந்தப் பையில் சேரக் கூடாது. பெரும்பாலான மருந்துகளை 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்லி உறையிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய மோட்டாரின் இருக்கைக்கடியிலும் கூடையிலும் அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும். உங்கள் சொந்த மருந்தை உடலோடு வைத்திருங்கள். அடிபட்டவருக்கு நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். அவருக்கு எது ஒவ்வாது என்பது உங்களுக்குத் தெரியாது.

எங்கே வைப்பது, எப்போது நிரப்புவது

கப்சாயில் இருக்கையைத் தூக்கினால் பெரும்பாலும் பெட்ரோல் தொட்டியின் மூடிதான் கண்ணில் படும். அதனால் பையை உங்களோடு வைப்பதே நல்லது: தோள்பையின் வெளி அறையிலோ இடுப்புப்பையிலோ. உணவு கொண்டுபோகும் தம்பிமாருக்குப் பெட்டியின் பக்க அறை போதும். இரண்டு கை அகலத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு வாரத்தில் வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள்.

ஐந்து அறைக்கும் ஐந்து ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைகள் வாங்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் 1 முதல் 5 வரை பெரிதாக எழுதுங்கள். மழையிலிருந்து காக்கும்; பதற்றத்தில் கை நடுங்கும்போது எண் வழிகாட்டும். நீங்களே அடிபட்டுக் கிடந்தால், பழக்கமில்லாத இன்னொருவர் உங்கள் பையைத் திறக்க நேரிடும். அவருக்கும் அதே எண்தான் துணை. முதல் உறைக்குள் உங்கள் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் மூன்றும் எழுதிய அட்டை ஒன்று வையுங்கள்.

வெப்பத்தில் நாடாவின் பசை உருகும், கையுறை ஒட்டிக்கொள்ளும், காஸ் உறை ஈரம் பட்டால் கிருமி நீங்கிய தன்மை போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தைப்பூசம் ஒன்று, அதற்கு ஆறு மாதம் கழித்து ஆடி மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எதையாவது எடுத்தால் அன்று மாலையே அருகிலுள்ள பார்மசியில் வாங்கி நிரப்புங்கள். இறுக்குப்பட்டை தவிர மற்றவை சில ரிங்கிட்டில் கிடைப்பவைதான்.

கைப்பழக்கம்

அஞ்சறைப்பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டால் சமையல் வந்துவிடாது. கை பழக வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. இரண்டுக்கும் பினாங்கில் கிளை உண்டு. அழுத்திக் கட்டுவது, நெஞ்சை அழுத்துவது, ஹெல்மெட் கழற்றுவது மூன்றையும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது; பயிற்றுநர் முன் செய்து பார்த்தால்தான் வரும். கோயில் இளைஞர் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், தொழிற்சாலைப் பிரிவு எதுவானாலும் பத்திருபது பேராகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தருகிறது. எந்த நாட்டு மருத்துவமனையானாலும் அதன் வாசல்வரை உயிரோடு வந்து சேர்பவரைத்தான் அதனால் காப்பாற்ற முடியும். ஜெலுத்தோங்கில் லாம் வா ஈ மருத்துவமனை இருக்கிறது. நகருக்குள் போனால் பினாங்கு மருத்துவமனை. சாலையில் கிடக்கும் இடத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் உள்ள நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

மலேசியாவில் 1973-இல் ஹெல்மெட் சட்டம் வந்தது. இன்று ஹெல்மெட் இல்லாமல் மோட்டாரில் ஏறுவதே நமக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலுதவிப் பையையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவோம். இந்த வாரச் சம்பளத்தில் கையுறை, காஸ், கிரேப் துணி மூன்றை மட்டுமாவது வாங்கி ஓர் உறையில் போடுங்கள். மற்ற அறைகளை அடுத்தடுத்த மாதம் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டில் மோட்டார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு பை என்று கணக்கு வையுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.